ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கிய நாட்கள்

நாடே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் அப்போதும் இப்போது இருக்கும் இதே வெள்ளவத்தை வீட்டில்தான் இருந்தோம். காலி வீதி என்னும் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில் ஒரு ஃபிளாட். நானும் என் கணவரும் மட்டும்தான். மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள்.

என் கணவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு முதலில் அவருடைய இடது பாதத்தை எடுத்தது. பிறகு சிறுநீரகங்களைக் கெடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயலிசிஸ் நாட்கள். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டி ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போய்வருவோம். சக்கர நாற்காலியில் லிஃப்ட் வரை, கீழே இறங்கியதும் ஓட்டோ, பிறகு வைத்தியசாலை. தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை டொக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். உடம்பில் நீர் தேங்கும், அது நெஞ்சுக்கு ஏறும், மூச்சு முட்டும். அதன் பிறகு நடப்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சலூன், அதை ஒட்டி ஒரு சில்லறைக் கடை, எதிர்ப்பக்கம் உடுப்புத் தோய்த்து மினுக்கிக் கொடுக்கும் ஒரு லோன்றி. கடைக்காரர்களின் முகங்கள் தெரியும். பாண் வாங்குவேன், முட்டை வாங்குவேன், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். யாரிடமும் ஓர் உதவிக்குப் போய் நிற்காமல் வாழ்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு வைராக்கியம்.

மின்வெட்டு தொடங்கியபோது முதலில் சமாளித்தோம். எந்த நேரத்தில் எந்தப் பகுதிக்குக் கரண்ட் இல்லை என்று முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். அதைப் பார்த்து முன்கூட்டியே இறங்கிவிடுவோம். இல்லாவிட்டால் கட்டடத்தின் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று காவலாளி கையை விரித்தார்.

நானே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தார், மறு கையை என் தோளில் போட்டார். ஒற்றைக் காலால் ஒவ்வொரு படியாக இறங்கினோம். நாலாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வேர்வையில் சேர்ட் நனைந்திருந்தது.

"என்னால ஏலாது. நீர் என்னை வீட்டை கொண்டுபோய் விடும்" என்றார்.

வீட்டுக்கு ஏற்றுவது இறக்குவதை விடக் கஷ்டம். பக்கத்துக் கதவுகளைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வீடு பூட்டியிருந்தது. இன்னொன்றில் என்னை விட வயதான ஒரு அம்மா மட்டும் நின்றார். என் கணவரைப் படியிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். ஓடும்போதும் யாரிடம் போவது, என்ன சொல்வது என்று தெரியவில்லை. கால் போய் நின்ற இடம் சலூன் வாசல். பெண்கள் போகும் இடமல்லவே, அதுவரை அதற்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சலூன்காரர் மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக அந்தக் கடையை நடத்துகிறவர். வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வசனம்தான். "அவர் படியில இருக்கிறார்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். நாற்காலியில் இருந்தவரும் எழும்பினார். பாதி முகத்தில் சோப்பு நுரை, கழுத்தில் துணி. அவர் ஒழுங்கை முனையில் நிறுத்தியிருக்கும் ஓட்டோவின் சாரதி, ஒரு சிங்களவர். சில்லறைக் கடை முதலாளியும் வந்துவிட்டார். கடை திறந்து கிடக்கிறதே என்று நான் தயங்கியதைப் பார்த்து, "கட தொறந்தே ஈக்கட்டும் டீச்சர். மொதல்ல சேரை எறக்குவோம்" என்றார் அந்த முஸ்லிம் மனிதர்.

சலூனிலிருந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் என் கணவரை உட்காரவைத்துத் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கதிரையின் ஒரு கால் சுவரில் இடித்து முறிந்தது. அவர் முன்னால் சரிந்தார். கீழ்ப்படியில் நின்ற சலூன்காரர் நெஞ்சைக் கொடுத்து அவரைத் தாங்கிக்கொண்டார். சலூன்காரரின் தோள் சுவரில் மோதிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் பிடியை விடவில்லை. மிச்சப் படிகளைக் கதிரை இல்லாமல், கைகளைக் கோத்து, அதில் அவரை இருத்தி இறக்கினார்கள்.

ஓட்டோச் சாரதி அந்த நுரை முகத்தோடேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வைத்தியசாலை வாசலில் காவலாளி அவரைப் பார்த்துச் சிரித்தபோதுதான், நுரை காய்ந்து ஒரு பக்கக் கன்னத்தில் ஒட்டிக்கிடப்பதை அவரே கவனித்தார்.

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. இது ஒரு நாள் கதை என்று நினைத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், சலூன்காரரும் லோன்றிக்காரரும் ஒரு பழைய மரக் கதிரையோடு நிற்கிறார்கள். அதன் இரண்டு பக்கமும் நீளமான மூங்கில்களை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் கட்டுவதற்கு லோன்றியிலிருந்து ஒரு தடித்த பட்டி. நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்தால் திருப்பங்களில் கதிரை சாயாது. அவர்களே அதில் மாறிமாறி உட்கார்ந்து, தூக்கிப் பார்த்துச் சரி செய்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கரண்ட் இருந்தால் லிஃப்ட். இல்லாவிட்டால் அந்த நாலு பேர். சலூன்காரர், கடை முதலாளி, லோன்றிக்காரர், ஓட்டோச் சாரதி. கைமாறு பற்றி நான் பேச்செடுத்தாலே சலூன்காரர் எதையோ தேடுவது போல் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோனால் மட்டும் எல்லோரும் குடிப்பார்கள். என் கணவர் அந்தக் கதிரையில் இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பயத்தால் என்று அவர்கள் நினைத்தார்கள். வெட்கத்தால் என்று எனக்குத் தெரியும்.

பிறகு பெற்றோலும் இல்லாமல் போனது. சாரதி ஓட்டோவோடு வரிசையில் போய் நின்றார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே நித்திரை. அந்தச் செவ்வாய்க்கிழமை எந்த வாகனமும் கிடைக்கவில்லை. டயலிசிஸ் தவறிப்போனது. வியாழக்கிழமை என் கணவரின் கால் வீங்கிவிட்டது, கண் மடல்கள் தடித்துவிட்டன. படுத்தால் மூச்சு இழுத்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். மகள் தொலைபேசியில் அழுதாள். அம்புலன்சுக்கு அழைத்தோம். எந்த நேரம் வரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஊரெல்லாம் அதே நிலைமைதானே.

வெள்ளிக்கிழமை விடியும்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சக்கர நாற்காலி இருக்கிறது, ரோடு இருக்கிறது. தள்ளிக்கொண்டே போய்விடுவது.

அவரிடம் சொன்னேன்.

"காலி வீதியால என்னைத் தள்ளிக்கொண்டு போகப் போறீரோ? என்னைத் தெரிஞ்ச சனம் முழுக்கப் பாக்க? அந்த நாலு பேருக்கும் நான் குடுத்த கரைச்சல் காணும். நான் வரேல்ல. விடும்."

'விடும்' என்று அவர் சொன்ன விதம்தான் என்னைக் கலக்கியது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது போல, களைத்துப்போய்ச் சொன்னார். கெஞ்சினேன். மகளின் பெயரைச் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த முறை நான் நேராகச் சலூனுக்குள்ளேயே போனேன். அவர் மாட்டேன் என்கிறார், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றேன். சலூன்காரர் யோசிக்கவே இல்லை. சீப்பு, கத்தி, சோப்பு, ஒரு துவாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னோடு மாடிக்கு வந்தார்.

உள்ளே வந்ததும் டயலிசிஸ் பற்றி அவர் பேசவே இல்லை. "ஐயா தாடி ரொம்ப வளந்துபோச்சே" என்று சொல்லிவிட்டு, கட்டில் விளிம்பில் துவாயைப் போட்டு, கன்னத்தில் சோப்புப் பூசத் தொடங்கினார். என் கணவரும் தடுக்கவில்லை. முகத்தில் கத்தி ஓடும்போது யாரும் வாயைத் திறக்க முடியாதல்லவா? அந்த நேரத்தில்தான் சலூன்காரர் மெதுவாகச் சொன்னார்.

"கடைக்கு ஆளே வர்றதில்ல ஐயா. கரண்டும் இல்ல. ஒக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிரும். செவ்வாயும் வெள்ளியும்தான் இந்த ஒழுங்கையில எங்க நாலு பேருக்கும் உருப்படியா ஒரு வேல இருக்கு. அதையும் இல்லன்னு சொல்லிராதீங்க."

முகத்தைத் துடைத்து முடித்ததும் என் கணவர் கன்னத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வெள்ளைச் சேர்ட்டை எடும். மினுக்கினதை எடும்" என்றார்.

நான் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். யாரும் காணவில்லை.

மூங்கில் கதிரையில் கீழே இறக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, அவருடைய ஊன்றுகோலை மடியில் வைத்தார்கள். கடை முதலாளியும் லோன்றிக்காரரும் ஒழுங்கையில் நின்றுகொண்டார்கள். பெற்றோல் வரிசையில் தன் இடத்தைப் பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டுத் தூக்க வந்திருந்த சாரதி எங்களோடு வந்தார். அவரும் சலூன்காரரும் மாறிமாறித் தள்ள, நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

காலி வீதியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு கரையில் பெற்றோல் வரிசை, கார்களும் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மற்றப்படி ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. புடைவைக் கடைகள் பாதிக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் விற்பனைப் பிள்ளைகள் சும்மா நின்றார்கள். வரிசையில் நின்ற சனம் எங்களையே பார்த்தது. என் கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

பம்பலப்பிட்டிக்குக் கிட்ட வந்தபோது முன் சக்கரம் ஒன்று நடைபாதை விளிம்பில் சிக்கி, அடியோடு கழன்று வந்துவிட்டது. வீட்டுக்குள் உருட்டுவதற்குச் செய்த நாற்காலி, அவ்வளவு தூரத்துக்கு அது தாங்கவில்லை. சலூன்காரர் கயிற்றால் கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. என் கணவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போகவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது.

கொஞ்சம் தள்ளி ஒருவர் தள்ளுவண்டியில் செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்தபடியே இருந்தார். சாரதியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் என்ன விஷயம் என்று கேட்டார். சாரதி சொல்லி முடிப்பதற்கு முன்பே, வண்டியிலிருந்த குலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நடைபாதையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வண்டி காலியானதும் கீழே விரித்திருந்த சாக்கை உதறி மடித்துப் போட்டு, ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார்.

உங்கள் இளநீரை யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். எடுத்தால் தாகத்துக்குக் குடிக்கத்தானே எடுப்பார்கள் அம்மே, என்றார். அந்த வண்டியின் சுபாவம் தனக்குத்தான் தெரியும் என்று, வேறு யாரையும் கைப்பிடியைத் தொடவிடாமல் தானே தள்ளினார். மற்ற இருவரும் இரண்டு பக்கமும் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்தியில் ஒரு பஸ் எங்களை நோக்கி வந்தது. நாங்கள் எல்லோரும் திகைத்து நிற்க, வண்டியில் சாய்ந்திருந்த என் கணவர் தன் ஊன்றுகோலை உயர்த்தி, போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரி அந்த பஸ்ஸை மறித்தார். பஸ் நின்றது. அவர் கோலை இறக்கவில்லை. நாங்கள் கடந்து முடியும் வரை நெஞ்சை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். மினுக்கிய வெள்ளைச் சேர்ட்டோடு, மூச்சு வாங்க வாங்க. அதற்குப் பிறகு அவர் தலை குனியவே இல்லை.

வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் கடந்துவிட்டது. முன்மேசையில் இருந்த பிள்ளை, இயந்திரம் வேறு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மருந்துக்கும் டீசலுக்கும் அவர்களும் அல்லாடிக்கொண்டிருந்த நேரம். வேறு நாளாக இருந்தால் நான் "சரி" என்று சொல்லித் திரும்பியிருப்பேன். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் திரும்பியிருக்கிறேன்.

அன்றைக்குத் திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் போகமாட்டன் மகள். இவரைத் தூக்கிக்கொண்டு வந்த ஆக்கள் வெளியில இருக்கினம். அவையளை ஒருக்காப் பாத்திட்டு, பிறகு என்னைப் போகச் சொல்லுங்கோ."

சத்தம் போடவில்லை. ஆனால் நகரவும் இல்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். அப்போது டயலிசிஸ் பிரிவின் பொறுப்புத் தாதி வெளியே வந்தார். நான் சொன்னதை அந்தப் பிள்ளை சிங்களத்தில் அவருக்குச் சொன்னாள். அவர் வாசல் வரை போய்ப் பார்த்தார். வெளியே செவ்விளநீர் வண்டி நின்றது. படிக்கட்டில் அந்த மூன்று பேரும் சேர்ட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் வண்டியில் சாய்ந்து கிடந்தார்.

வெள்ளவத்தையிலிருந்தா தள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் உடனே ஒரு கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் ஒக்சிஜன் கொடுத்தார்கள். ஓர் இயந்திரம் ஓய்ந்ததும், அடுத்தவர் வருவதற்கு முன் கிடைக்கும் நேரத்துக்கு இவரை அதில் போடுவதாகச் சொன்னார். முழு நேரம் தர முடியாது, ஆனால் செவ்வாய் வரை தாங்கும் என்றார். அது போதும் என்றேன்.

பின்னேரம் அவரை வெளியே கொண்டுவந்தபோது முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. சலூன்காரரும் சாரதியும் அசையாமல் அங்கேயே இருந்தார்கள். இளநீர்க்காரர் இடையில் வியாபாரத்துக்குப் போய்விட்டு, வண்டியோடு மறுபடி வந்து நின்றார். குலை எதுவும் காணாமல் போகவில்லையாம். என் கணவருக்கென்று பிரித்து வைத்திருந்த ஒன்றைச் சந்தோஷமாக வெட்டி நீட்டினார். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் ஆகாது, அவருக்கு அது நஞ்சு மாதிரி. அதை எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் இரண்டு கையாலும் அதை வாங்கி, ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

"நீரெண்டாலும் குடியும். காலமையில இருந்து ஒண்டும் குடிக்கேல்ல" என்றார்.

நான் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்பதை அந்த நிலையிலும் அவர் கவனித்திருக்கிறார். வைத்தியசாலை வாசலில், எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அதே வண்டியில் வீடு திரும்பினோம். ஒழுங்கைக்குள் நுழைந்தபோது கரண்ட் இல்லை. கடை முதலாளியும் லோன்றிக்காரரும் மூங்கில் கதிரையோடு படியடியில் காத்திருந்தார்கள். ஐந்து மாடியும் தூக்கினார்கள். அன்று என் கணவர் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் "இடது பக்கம், மெல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பெற்றோல் பங்கீட்டு முறையில் கிடைக்கத் தொடங்கியது. சாரதி தனக்குக் கிடைத்ததில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் என்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தார். வேறு ஓட்டங்களை மறுத்துவிட்டு எங்களுக்காக வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாதங்கள் போக மின்வெட்டும் நின்றது. ஆனால் எல்லோரும் அந்தக் காலத்தைத் தாண்டவில்லை. சில்லறைக் கடை தாக்குப் பிடிக்காமல் மூடப்பட்டது. முதலாளி குடும்பத்தோடு புத்தளம் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் மாடிக்கு வந்து, "சேர், இனி லிஃப்ட் வேல செய்யோணும்னு அல்லாஹ்கிட்ட துஆ கேக்குறேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். இளநீர்க்காரரைப் பம்பலப்பிட்டியில் பிறகு இரண்டு மூன்று தடவை தேடினேன். இன்னும் காணவில்லை.

என் கணவர் இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் போய்வருகிறார். போவதற்கு முன் சலூனில் இறங்கிச் சவரம் செய்துகொள்கிறார். உதவி கேட்காமல் வாழ்வதைப் பலம் என்று எண்ணியிருந்த நாங்கள் இரண்டு பேரும் இப்போது ஒழுங்கையில் எல்லோருடைய வீட்டு விஷயத்திலும் தலையிடுகிறோம், எங்கள் விஷயத்திலும் அவர்களைத் தலையிட விடுகிறோம். கரண்ட், பெற்றோல், லிஃப்ட் எல்லாம் மறுபடி ஒரு நாள் நின்றுபோகலாம். நின்றால் கீழே இறங்கிப் போய்க் கூப்பிடுவேன், யாராவது கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஓடுவேன். இந்த நகரத்தில் பயமில்லாமல் வாழ எனக்கு இப்போது அது போதும்.